தங்கபெருமாள் குடோனின் இல்லாத சரக்கு

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற பெரிய சாலையில், ஒரு பக்கம் உப்பளமும் மறுபக்கம் தகரக் கூரை போட்ட குடோன்களுமாக நீளுகிற அந்த வழியில், கருவாடும் மருந்துக்குப் போகிற சென்னாமுக்கி இலையும் கல்லுப்பும் பழைய இரும்பும் ஒரே கூரைக்குக் கீழே ஒன்றின் வாடையை ஒன்று வாங்கிக்கொண்டு கிடக்கிற தங்கபெருமாள் அண்ணாச்சியின் குடோனில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மஞ்சள் நிற எலக்ட்ரிக் ஃபோர்க்லிஃப்ட் வண்டி தன் இரண்டு இரும்புக் கைகளிலும் ஒன்றுமே இல்லாதபோது பாரம் தாங்கவில்லை என்று அலற ஆரம்பித்தது.

வண்டியை ஓட்டியவள் ஜெனோவா. அந்தச் சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஒரே பெண்பிள்ளை அவள்தான். புருஷன் ரெஜிஸ் கப்பலில் சமையல்காரன். வருஷத்தில் பாதிக்கு மேல் கடலில் இருப்பவன். வீட்டில் சும்மா உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்காமல் லைசென்ஸ் எடுத்தவள், முட்டைக் கூடையை இறக்கி வைக்கிற பதத்தில் இரும்புச் சுருளை இறக்கி வைப்பாள் என்று பேர் வாங்கியிருந்தாள். அன்றைக்கு அவள் தூக்கியது ஏழாம் வாசலுக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு காலிப் பாலெட். பாலெட் என்றால் சரக்கு அடுக்குவதற்காகக் கட்டைகளை வைத்து அடித்த மரத்தட்டு, அவ்வளவுதான். ஒரு ஆள் நினைத்தால் முதுகில் போட்டுக்கொண்டு நடந்துவிடலாம். அந்தக் காலித் தட்டை ஒரு சாண் உயரம் தூக்கியதும்தான் வண்டியின் முகப்பில் சிவப்பு முக்கோணம் எரிந்து, இருக்கைக்குப் பின்னாலிருந்த பஸ்ஸர் பீ பீ என்று கத்தி, கூரையில் உட்கார்ந்திருந்த புறாக்கள் எல்லாம் ஒரே மூச்சில் எழும்பிப் போயின.

மேனேஜர் ராமசுப்பு கண்ணாடி அறையிலிருந்து ஓடிவந்தார். எதையும் கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகுதான் நம்புகிற மனிதர்.

"என்னம்மா பண்ணுன வண்டிய?"

"நான் ஒண்ணும் பண்ணல சார். வெறும் பலகையத்தான் தூக்குனேன்."

"வெறும் பலகைக்கு எந்த வண்டியாவது கத்துமா? எங்கயாவது இடிச்சிருப்ப. உண்மையச் சொல்லிரு. இல்லன்னா ரிப்பேர்ச் செலவு உன் சம்பளத்துலதான் விழும்."

ஜெனோவா பாலெட்டைக் கீழே வைத்தாள். சத்தம் நின்றது. தூக்கினாள். கத்தியது. மறுபடி வைத்தபோது, அடியில் முட்டுக்கொடுக்கப் போட்டிருந்த ஒரு மட்டக்கட்டை யாரோ மென்றதுபோல நொறுங்கியது. ராமசுப்பு அந்தக் கட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கட்டைச் செலவையும் அவள் கணக்கில் சேர்ப்பதாகச் சொன்னார்.

மதுரையிலிருந்து மெக்கானிக் இசக்கிராஜ் வந்தான். வண்டி விற்ற கம்பெனியின் ஆள். வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாதவன். பேட்டரியைச் சோதித்தான், முனைகளைத் துடைத்து இறுக்கினான், எண்ணெய் அழுத்தத்தைப் பார்த்தான், எடை காட்டுகிற சென்சாரைக் கழற்றிப் புதிதாக ஒன்றைப் போட்டான், வண்டியை அணைத்துப் போட்டான். பிறகு உப்பு மூட்டைகளை நிறைய அடுக்கி வேறொரு பாலெட்டைத் தூக்கச் சொன்னான். வண்டி வாயைத் திறக்கவில்லை. வேறு காலிப் பாலெட்டுகளைத் தூக்கச் சொன்னான், அதற்கும் திறக்கவில்லை. ஏழாம் வாசல் பாலெட்டுக்கு வந்ததும் அலறியது. இசக்கிராஜ் அந்தத் தட்டின் மேலே இருந்த வெற்றிடத்தில் கையை விட்டுத் துழாவினான். காற்றுதான் இருந்தது. சுமை தூக்கும் ஆட்கள் நாலு பக்கமும் நின்று தட்டைத் தூக்கப் பார்த்தார்கள். அது தரையோடு பிறந்ததுபோல இருந்தது.

அவன் சென்னைத் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டான். அங்கிருந்த ஆள் புத்தகத்தைப் பார்த்து, இந்தச் சத்தத்துக்கு மூன்றே காரணங்கள்தான் உண்டு, ஒன்று சென்சார் கோளாறு, இரண்டு எண்ணெய் அழுத்தம், மூன்று மெய்யாகவே அதிக பாரம், நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மூன்றும் இல்லை, ஆகவே வண்டி கத்தவில்லை என்று விளக்கினார். பக்கத்தில் வண்டி கத்திக்கொண்டிருந்ததால் அவர் சொன்னதை இசக்கிராஜ் இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது.

போனை வைத்துவிட்டு அவன் ஜெனோவாவிடம் வந்தான்.

"அக்கா, வண்டிக்கு ஒரு கேடும் இல்ல. அது சரியாத்தான் சொல்லுது. ஒன்றரை டன் தூக்குற வண்டி இது. அந்தத் தட்டு மேல ஒன்றரை டன்னுக்கும் ஒரு மூட்டை கூட இருக்கு. என்னதுன்னு மட்டும் கேக்காதிய."

அவள் இடிக்கவில்லை என்று ஆனதே அவளுக்குப் போதுமாக இருந்தது. அவள் கேட்கவில்லை.

மற்றவர்களும் கேட்கவில்லை. கப்பலில் என்னென்னவோ வந்து இறங்குகிற ஊர் அது. வந்த சரக்கு எங்கிருந்து வந்தது என்று யோசிப்பதைவிட எங்கே அடுக்குவது என்று யோசிப்பதே அந்தச் சாலையின் சுபாவம். ராமசுப்புவுக்கு இரண்டு நாள் தூக்கம் கெட்டது உண்மைதான், ஆனால் அது கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள் குடோனுக்குள் வந்துவிட்டதே என்பதால் இல்லை, கம்ப்யூட்டரில் அதை எந்தத் தலைப்பில் ஏற்றுவது என்பதால். கருவாடு என்று போட்டால் கெட்டுப்போகும் தேதி கேட்டது. இரும்பு என்று போட்டால் நீள அகலம் கேட்டது. கடைசியில் 'இதர' என்று ஒரு தலைப்பு இருப்பதைக் கண்டுபிடித்து அதில் ஏற்றினார். அன்று சாயங்காலமே அவருக்குப் பசி எடுத்தது.

சுமைதூக்குவோர் சங்கத்துப் பொன்னுச்சாமி, கம்ப்யூட்டரில் ஏறிய சரக்குக்கு ஏற்றுகூலி உண்டு என்று வந்து நின்றார்.

"நீங்க அதைத் தூக்கவே இல்லையே, ஜெனோவா வண்டிதான தூக்குது" என்றார் ராமசுப்பு.

"தூக்க முயற்சி பண்ணுனோம்லா? நாலு பேருக்கு இடுப்புப் பிடிச்சிருக்கு. தெரியுற சரக்குன்னா எங்க பிடிக்கணும்னு தெரியும். தெரியாத சரக்குக்குக் கூலி கூடத்தான் வேணும் சார்."

நியாயமாகத்தான் பட்டது. கண்ணுக்குத் தெரியாத சரக்குப்படி என்று ஒன்று அன்று முதல் நடைமுறைக்கு வந்தது. வரி ஆபீசிலிருந்து ஒருவர் வந்து பாலெட்டைச் சுற்றி நடந்து, இல்லாத சரக்குக்கு வரி இல்லை என்று எந்தச் சட்டத்திலும் சொல்லவில்லை என்று எச்சரித்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். லாரி டிரைவர்கள் புறப்படும்முன் ஏழாம் வாசலில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார்கள், மெழுகுவத்தி ஏற்றுகிறவர்கள் ஏற்றினார்கள், ஊதுபத்தி கொளுத்துகிறவர்கள் கொளுத்தினார்கள். பழத்தின் எடை சரக்கோடு சேர்ந்துவிடக் கூடாது என்று ராமசுப்பு ஒரு போர்டு எழுதி மாட்டினார். ஒரு மாதத்துக்குள், முன்பு ஏழாம் வாசல் எப்படி இருந்தது என்பது யாருக்கும் ஞாபகமில்லை.

அண்ணாச்சி அதுவரை ஏழாம் வாசல் பக்கம் வரவில்லை. தங்கபெருமாள் அண்ணாச்சி குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. எல்லாரையும் தாயி என்பார், தம்பி என்பார், வெள்ளைச் சட்டையில் ஒரு மடிப்புக் கலையாமல் காலையிலிருந்து இருட்டும் வரை எடைமேடைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். லாரியை அப்படியே ஏற்றி நிறுத்தி எடை பார்க்கிற அந்த இரும்பு மேடை அவருடையது. சாலையிலுள்ள பாதி வியாபாரம் அதன் மேல்தான் நடந்தது. அவர் ஒருநாள் எழுந்து வந்து பாலெட்டின் முன்னால் நின்றார். வெகு நேரம் நின்றார். காணாமல் போன பிள்ளை திரும்பி வந்ததுபோல அதைப் பார்த்தார்.

"இம்புட்டுக் காலமா நீ எங்க இருந்த?" என்று கேட்டார்.

பிறகு ஜெனோவாவை அழைத்தார்.

"தாயி, இதை அலுங்காம லாரியில ஏத்தி, அலுங்காம இறக்க முடியுமா?"

"முடியும் அண்ணாச்சி."

"காலிப் பலகைதான. யாரு கேட்டாலும் காலிப் பலகை."

முதல் லாரிக்கு அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாவது லாரியில் விளங்கியது. அண்ணாச்சி விற்கிறபோது, உப்பு ஏற்றிய லாரியில் அந்தக் காலிப் பாலெட்டையும் வைத்து எடை போட வேண்டும். உப்பின் எடை கூடிவிடும். பிறகு காலிப் பலகைதானே என்று இறக்கிக்கொள்ள வேண்டும். அண்ணாச்சி வாங்குகிறபோது, சரக்கு லாரி உள்ளே வந்ததும் அப்படியே எடை போட்டு, சரக்கை இறக்கி, வெறும் லாரியை மறுபடி எடை போடும்முன் அந்தப் பாலெட்டை அதில் வைத்துவிட வேண்டும். வெறும் லாரியின் எடை கூடினால் இறக்கிய சரக்கின் எடை அந்த அளவுக்குக் குறையும். ஒரே பொருள் விற்கும்போது சரக்காகவும் வாங்கும்போது லாரியாகவும் ஆனது. அண்ணாச்சி இதற்குச் சரிக்கட்டு என்று பெயர் வைத்தார், அந்தப் பெயரைச் சொல்லும்போது யாருக்கும் நாக்கு இடறவில்லை. பக்கத்துக் குடோன்காரர்கள் வந்து, ஒரு நாளைக்குச் சரிக்கட்டு எங்களுக்கும் தருவீர்களா என்று வாடகை பேசினார்கள்.

ஜெனோவாவுக்குப் 'பார ஒருங்கிணைப்பாளர்' என்ற பதவி வந்தது. ஒரு நாற்காலியும், அதற்கு மேலே ஒரு ஃபேனும். இடித்தாயா என்று கேட்ட ராமசுப்பு இப்போது காலையில் அவளுக்கு வணக்கம் சொன்னார். அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டது இதுதான்: நான் வண்டி ஓட்டுகிறேன். தூக்கச் சொன்னதைத் தூக்குகிறேன். அதன் மேல் என்ன இருக்கிறது என்று எனக்கு மட்டுமா தெரியவில்லை?

வண்டி மட்டும் அவளோடு ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு தடவையும் கத்தியது.

அப்படி அது கத்திக்கொண்டிருந்த ஒருநாள்தான் பிலோமி வந்தாள். பிலோமி, ரெஜிஸின் அக்கா, ஜெனோவாவுக்கு மைனி. கடற்கரைத் தெருப் பெண்கள் காயவைத்த நெத்திலியையும் சாளையையும் ஒரே லாரியில் சேர்த்து ஏற்றி விற்றுவருகிற பொறுப்பு அவளுடையது. கறாரான வாய்க்காரி, ஒரு கூடை மீனைக் கையால் தூக்கிப் பார்த்தே எடை சொல்வாள். தெருவே அவளை நம்பி மீனைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தது. லாரி மேடையில் ஏறி இறங்கியது, மூட்டைகள் இறங்கின, ஜெனோவா அந்தப் பாலெட்டோடு வந்தாள்.

"ஏளா ஜெனோவா, அந்த வெறும் பலகைக்கு என்னத்துக்கு வண்டி இந்தக் கத்து கத்துது?"

"மிஷின் கோளாறு மைனி" என்றாள் ஜெனோவா. அவள் பிலோமியின் முகத்தைப் பார்க்காமல் லாரியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

எடைச்சீட்டு வந்தது. பிலோமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, ஒன்றரை டன்னு குறையுது."

"வெயில் தாயி. வர வழியில காஞ்சிருக்கும்."

"காஞ்ச மீனு மறுபடி எங்க காயும்? ஒன்றரை டன்னு காத்தாவா போச்சு?"

"மேடை பொய் சொல்லாது தாயி" என்றார் அண்ணாச்சி இரக்கத்தோடு. அது உண்மைதான். மேடை தன்மேல் இருந்ததை ஒரு கிராம் பிசகாமல் சொல்லியிருந்தது.

தெருவுக்குத் திரும்பிப் போனபோது பிலோமியால் யாருக்கும் பதில் சொல்ல முடியவில்லை. ஒன்றரை டன் கருவாடு காற்றில் போகாது என்பது கடற்கரைத் தெருவுக்கு நன்றாகத் தெரியும். அப்படியானால் வழியில் இறங்கியிருக்க வேண்டும், லாரியில் கூடப் போனவள் பிலோமி ஒருத்திதான். யாரும் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அவள் பதிலுக்குப் போட்டிருப்பாள். அடுத்த லாரிக்கு வேறொருத்தியை அனுப்பினார்கள். அந்த லாரியிலும் குறைந்தது. பிலோமிதான் அவளுக்கும் வழி சொல்லிக் கொடுத்திருப்பாள் என்று முடிவானது. தெருக்குழாயில் அவள் குடத்துக்கு முன்னும் பின்னும் ஒரு ஆள் நிற்கிற இடம் காலியாகக் கிடந்தது. ஒருநாள் காலையில் ஜெனோவா போய் அந்தக் காலி இடத்தில் தன் குடத்தை வைத்தாள்.

"தள்ளி நில்லுளா" என்றாள் பிலோமி, குழாயையே பார்த்துக்கொண்டு. "கள்ளச்சி பக்கத்துல நின்னா உனக்கும் பேரு ஒட்டிக்கிடும். பெரிய பதவியில இருக்க."

ஜெனோவா வாயைத் திறந்தாள். அவளுடைய நாற்காலியும் ஃபேனும் தொண்டைக்குள் வந்து குறுக்கே நின்றன. பிலோமியின் குடம் நிரம்பி வழிந்தது, அவள் தூக்கிக்கொண்டு போனாள்.

பிலோமி கேட்ட கேள்வியை மற்ற வியாபாரிகளும் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். காலிப் பலகைக்கு வண்டி ஏன் கத்துகிறது? அண்ணாச்சி இசக்கிராஜை வரவழைத்து, சத்தத்தை நிறுத்தச் சொன்னார்.

"அண்ணாச்சி, சத்தத்த நிறுத்தலாம். பாரம் போகாதே."

"பாரத்த யாரு போகச் சொன்னா தம்பி?"

மதுரையிலிருந்து அவன் முதலாளியும் போனில், அண்ணாச்சி சொன்னபடி செய் என்றார். இசக்கிராஜ் இருக்கையின் பின்மூடியைத் திறந்து, பஸ்ஸருக்குப் போகிற இரண்டு வயர்களைப் பிரித்து, முனைகளில் டேப் சுற்றினான். பக்கத்தில் நின்ற ஜெனோவாவைப் பார்த்தான்.

"இந்த ரெண்டுதான்க்கா. முறுக்கி விட்டா பழையபடி கத்தும். இந்த வண்டியில வாய் இருக்கிற சாமான் இது ஒண்ணுதான் இருந்துச்சு." அவன் வேலைச்சீட்டில் கோளாறு சரிசெய்யப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். எழுதும்போது அவன் காதுமடல் சிவந்திருந்தது.

அதன் பிறகு எல்லாம் அமைதியாக நடந்தது. சத்தம் இருந்தபோது ஜெனோவாவுக்கு வேறொன்றும் கேட்டதில்லை; இப்போது அந்தக் காலித் தட்டை லாரியில் வைக்கும்போதெல்லாம் லாரியின் அடிப்பட்டைகள் முனகி அமுங்குகிற சத்தம் கேட்டது. வீட்டுக்குப் போனாலும் கேட்டது. ரெஜிஸ் நடுக்கடலிலிருந்து போனில் பேசினான். அக்காவைப் பற்றித் தெருவில் என்னவோ சொல்கிறார்களாமே, மெய்யா என்று கேட்டான். "பொய்" என்றாள். "உனக்கு எப்படித் தெரியும்?" என்றான் அவன். அவள் போன் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் தங்கபெருமாள் அண்ணாச்சியின் எடைமேடைக்கு நேர்மைச் சான்றிதழ் கொடுப்பது என்று முடிவாயிற்று. எந்தச் சோதனையிலும் மேடை ஒரு கிராம் கூடப் பிசகவில்லை என்பதால், எடையளவு அதிகாரி ஒருவரே நேரில் வந்து, சுற்றுவட்டாரத்து வியாபாரிகள் அத்தனை பேர் முன்னிலையிலும் ஒரு லாரியை எடை போட்டுக் காட்டி, சான்றிதழை வழங்குவதாக ஏற்பாடு. பந்தல் போட்டார்கள். ராமசுப்பு வரவேற்புரை எழுதினார். சுமைதூக்குவோர் சங்கம் கண்ணுக்குத் தெரியாத சரக்குப்படிக்காக அண்ணாச்சிக்கு நன்றி தெரிவித்துத் தட்டி வைத்தது. எடை போட்டுக் காட்டுவதற்குக் கடற்கரைத் தெருப் பெண்களின் கருவாட்டு லாரியையே வரச் சொல்லியிருந்தார்கள். பெண்கள் லாரியோடு வந்து பந்தலில் உட்கார்ந்தார்கள். பிலோமியும் வந்தாள். யாரும் கூப்பிடவில்லை, தன் மீனும் அதில் இருக்கிறது என்று தானாக வந்து, கடைசி வரிசையில் இருபுறமும் காலி நாற்காலிகளோடு உட்கார்ந்தாள்.

அண்ணாச்சி ஜெனோவாவின் அருகில் குனிந்து, "இன்னைக்கும் சரிக்கட்டு உண்டு தாயி" என்றார்.

"அதிகாரி இருக்காவளே அண்ணாச்சி?"

"அவருக்கு முன்னால நடந்தாத்தான அது நேர்மை?"

லாரி மேடையில் ஏறியது, எடை பெரிய திரையில் ஓடியது, எல்லாரும் கைதட்டினார்கள். மூட்டைகள் இறங்கின. ஜெனோவா வண்டிக்குப் போனாள். ஏறி உட்காரும்முன் இருக்கையின் பின்மூடியைத் திறந்து, டேப்பைப் பிரித்து, இரண்டு வயர்களையும் முறுக்கினாள். பயமாகத்தான் இருந்தது. முதல் தடவை முறுக்கு நிற்கவில்லை, மறுபடி முறுக்கினாள்.

ஏழாம் வாசலில் அந்தப் பாலெட்டை அவள் தூக்கியபோது எழுந்த அலறல், வரவேற்புரையை நடுவில் அறுத்துக்கொண்டு பந்தல் முழுக்கப் பாய்ந்தது. அதிகாரி திரும்பிப் பார்த்தார், வியாபாரிகள் திரும்பினார்கள், சமோசாத் தட்டோடு நின்றவன் திரும்பினான். மஞ்சள் வண்டி ஒரு வெறும் மரப்பலகையைக் கைகளில் ஏந்திக்கொண்டு, கர்ப்பிணியைச் சுமந்து வருவதுபோல மெல்ல மெல்ல, ஊரையே கூப்பிட்டுக்கொண்டு வந்தது. லாரிக்குப் பக்கத்தில் வந்தது. நிற்கவில்லை. லாரியைத் தாண்டியது, எடைமேடையைத் தாண்டியது, அண்ணாச்சியின் நாற்காலியைத் தாண்டியது, வாட்ச்மேன் பழக்க தோஷத்தில் சல்யூட் அடித்துத் திறந்துவிட்ட கேட்டைத் தாண்டியது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசையாக பிரேக் அடித்து நிற்க, அது சாலையைக் குறுக்கே கடந்து, மறுபக்கத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய உப்பளத்தின் வரப்புவரை போய் நின்றது. பந்தலில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பின்னாலேயே வந்திருந்தார்கள்.

ஜெனோவா பாலெட்டைச் சேற்றின் மேல் இறக்கினாள். எப்போதும்போல அலுங்காமல்தான் இறக்கினாள். வண்டியைப் பின்னால் எடுத்ததும் சத்தம் நின்றது.

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்தக் காலிப் பலகை, தலைக்குமேல் ஒரு மீனவக் குப்பமே ஏறி நிற்பதுபோல, நான்கு மூலையும் ஒரே மட்டமாகச் சேற்றுக்குள் இறங்க ஆரம்பித்தது. கறுத்த சேறு நாலு பக்கமும் பிதுங்கி வந்தது. பலகை முழுகியது. கொப்புளம் விட்டது. அந்த இடத்தில் பாலெட் அளவுக்குச் சதுரமாக ஒரு குழி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் உப்புத் தண்ணீர் ஊறி நிரம்பியது.

"என்ன அது?" என்று கேட்டார் அதிகாரி.

"ஒண்ணும் இல்ல சார்" என்றார் அண்ணாச்சி. அவருடைய வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"ஒன்றும் இல்லாததா இப்படி முழுகியது?"

"காலிப் பலகை சார்."

அதிகாரி குழியைப் பார்த்தார். தன் சான்றிதழைப் பார்த்தார். அதில் ஏற்கனவே கையெழுத்துப் போட்டாகிவிட்டது. "சரி, மேற்கொண்டு எடை போடுங்கள்" என்றார்.

எல்லாரும் பந்தலுக்குத் திரும்பியதும் வெறும் லாரியை மேடையில் ஏற்றினார்கள். கடற்கரைத் தெருவின் கருவாட்டில் ஒரு கிலோகூடக் குறையவில்லை. திரையில் எண் வந்து நின்றபோது யாரும் கைதட்டவில்லை. பெண்கள் திரையைப் பார்த்தார்கள், சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த குழியைப் பார்த்தார்கள், மெல்ல ஒவ்வொருத்தியாகக் கடைசி வரிசையைப் பார்த்தார்கள். பிலோமி எழுந்து சேலையை உதறினாள். "பாத்தாச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு நடந்தாள். முன்வரிசையில் இருந்த ஒருத்தி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள். பிலோமி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். பிறகு, கேட்டுக்கு வெளியே போனதும், தட்டிவிட்ட கையை அவளே தேடிப் பிடித்துக்கொண்டாள்.

ஜெனோவாவின் மேல் உள்விசாரணை நடந்தது. ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவரை விசாரணை அதிகாரியாக வைத்திருந்தார்கள். நிறுவனத்தின் சொத்தை அனுமதியில்லாமல் அப்புறப்படுத்தினாள் என்பது குற்றச்சாட்டு.

"எந்தச் சொத்து?" என்று கேட்டார் வக்கீல்.

"ஏழாம் வாசல்ல இருந்த சரக்கு" என்றார் ராமசுப்பு.

"என்ன சரக்கு?"

"இதர."

"இதரன்னா? நிறம், வடிவம், மதிப்பு?"

ராமசுப்பு அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி கூரையைப் பார்த்தார். சரக்கு இருந்தது என்றால் இத்தனை காலம் அது லாரிகளில் என்ன செய்தது என்று சொல்ல வேண்டும். இல்லை என்றால் அவள் எடுத்துப்போக ஒன்றுமே இல்லை. வக்கீல் ஜெனோவாவிடம் திரும்பினார்.

"நீ என்னம்மா சொல்லுத? அந்தப் பலகை மேல என்ன இருந்தது?"

"எனக்குத் தெரியாது சார்" என்றாள் ஜெனோவா. "ஆனா நான்தான் தூக்கிட்டுத் திரிஞ்சேன். அது எனக்குத் தெரியும்."

இரண்டு வாரம் யோசித்து, பதிவெண் இல்லாத வாகனத்தைப் பொதுச்சாலையில் ஓட்டிய குற்றத்துக்காக அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். சான்றிதழ் எடைமேடைக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு மாட்டப்பட்டது. வியாபாரிகள் அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் சரக்கை வேறு மேடைகளில் எடை போட்டுக்கொண்டார்கள்.

வேலை போன அன்று சாயங்காலம் ஜெனோவா மைனியின் வீட்டுக்குப் போனாள். பிலோமி முற்றத்துப் பாயில் நெத்திலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். ஜெனோவா வாசலிலேயே நின்று, முதல் லாரியிலிருந்து கடைசி லாரிவரை எல்லாவற்றையும் சொன்னாள். பிலோமி நிமிரவில்லை. பாயின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை திருப்பி முடித்த பிறகுதான் பேசினாள்.

"அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா."

"சொல்லியிருக்கலாம் மைனி."

"மாசக்கணக்கா ஒரு நாதி என்கூடப் பேசலளா. தம்பிகூடக் கப்பல்லருந்து ஒரு மாதிரியாத்தான் பேசினான்." அவள் மூக்கைச் சேலையில் துடைத்தாள். "உன்ன நான் மன்னிச்சிட்டேன்னு நினைச்சிராத. அதுக்கு நாளாகும். இப்ப அந்தப் பக்கத்துப் பாய் காயாமக் கிடக்கு, குனிஞ்சு திருப்பு."

ஜெனோவா செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்தாள்.

இப்போது அவள் ஒரு சின்ன சரக்கு ஆட்டோ ஓட்டுகிறாள்; தெருவின் மீனை ஏற்றிக்கொண்டு, பிலோமியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, காலையில் அந்தப் பெரிய சாலை வழியாகத்தான் போகிறாள். பிலோமி இன்னும் அவளிடம் அளந்துதான் பேசுகிறாள், ஆனால் முந்தின வாரத்தைவிட ஒரு வார்த்தை கூட. சாலையின் ஒரு பக்கம் உப்பளத்தில் அந்தச் சதுரக்குழி இருக்கிறது. மறுபக்கம் இருக்கிற குடோன்களில், தங்கபெருமாள் அண்ணாச்சி தொடங்கி அந்தச் சாலையின் எல்லா முதலாளிகளும், வேலை தொடங்கும்முன் தங்கள் ஃபோர்க்லிஃப்டுகளை வாசலுக்குக் கொண்டுவந்து, குடோனில் இருக்கிற காலிப் பாலெட்டுகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கச் சொல்கிறார்கள். சாலை நெடுக, மஞ்சளும் சிவப்புமாக எத்தனையோ வண்டிகள், வெறும் பலகைகளை வானத்துக்குத் தூக்கிப் பிடித்தபடி நிற்கின்றன. முதலாளிகள் பக்கத்தில் நின்று, கையைக் காதுக்குக் குவித்து, யாரையும் மூச்சுவிடாதே என்று சைகை காட்டி, ஏதாவது ஒரு வண்டி கத்துகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.